மணி அடிக்காத மதியம்

புஷ்பமேரிக்கு ஊரில் யாரையும் பிடிக்காது. ஊருக்கும் அவளைப் பிடிக்காது. மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் இரண்டு தரப்பும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி.

ஏரியூரிலிருந்து வரும் மினி பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர் அது. நூற்றுச் சொச்சம் வீடு, நடுவில் மாதா கோயில், மேற்கே கரடு என்கிற மொட்டைப் பாறைக் குன்று, கரட்டுக்கு அந்தாண்டை கல் குவாரி. புஷ்பமேரியின் வீடு கரட்டடியில் கடைசி வீடு. குழாயடியில் யாராவது குடத்தை முந்தி வைத்தால் எடுத்து எறிந்துவிடுவாள். சாமியாரின் பிரசங்கம் நீண்டால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கடிகாரத்தைப் பார்ப்பாள். பத்தாவது பாஸ், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தான் எழுதினது தப்பாக இருக்க முடியாது என்ற நினைப்பு அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. அந்த நினைப்புதான் ஒரு மனுஷனின் பிழைப்பைக் கெடுத்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆனி மாசத்தில் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கியவள் வெண்மதி, நில அதிர்வை ஆராய்ச்சி செய்கிற பெண். சேலத்துக்காரி, முப்பது வயசுக்குள்தான் இருக்கும், தொப்பி போட்டிருந்தாள். புஷ்பமேரி வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறையைத் தட்டிப் பார்த்தாள், காது வைத்துக் கேட்டாள், "இதுதான் வேணும்" என்றாள். எள்ளுகூட முளைக்காத பாறை. அதைக் கேட்டு ஜீப்பில் ஆள் வந்ததில் புஷ்பமேரிக்குப் பெருமைதான். பாறையில் ஒரு குழி வெட்டி, சோற்றுக் குண்டான் அளவுக்கு ஒரு கருவியை வைத்து மூடினார்கள். பக்கத்தில் சோலார் தகடு, சுற்றிக் கம்பிவேலி.

"இந்தப் பொட்டி பூமி ஆடறத எழுதி வெக்கும்க்கா. ஆனா யாரு ஆட்டறாங்கன்னு அதுக்குத் தெரியாது. போர்வெல் லாரி வந்தாலும் ஆடும், குவாரி வெடிச்சாலும் ஆடும், மாடு முட்டினாலும் ஆடும். அத நீங்க நோட்டுல எழுதணும். தேதி, நேரம், என்ன ஆச்சு. அவ்ளோதான்" என்றாள் வெண்மதி.

மாசா மாசம் ஒரு சிறு தொகை. பாறையைக் காக்கச் சம்பளம் என்று ஊர் சிரித்தது. சிரித்து முடித்ததும் பயந்தது. ஊர் ஓடைக்கு அடியில் பூமி பிளந்து கிடக்கிறதாம், அந்தப் பிளவு ஒகேனக்கல் பக்கம் வரைக்கும் போகிறதாம், அதைத்தான் இந்தப் பெட்டி பார்க்கிறதாம் என்று எப்படியோ செய்தி கசிந்துவிட்டது. வீட்டுமனை வாங்க வந்த நல்லம்பள்ளிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். கோயில் வாசலில் ஜோஸ்பின் கேட்டேவிட்டாள். "ஏம் புஷ்பா, உன் பாறைக்கி வாடக வாங்கறதுக்காவ எங்க நெலத்துக்கு அடியில ஓட்டையப் போட்டுட்டியே, நாயமா?" ஜோஸ்பின் கோயில் பாட்டுக்குழுவின் மைக்கைப் பிடித்தவள், பிடித்தால் விடாதவள். புஷ்பமேரி முறைத்தாள். முறைப்பில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

இங்கே அந்த ஊரின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் குவாரியில் வைத்த வெடியில் ஒரு கல் பறந்து வந்து ரோட்டில் நின்ற பசுவைக் கொன்றது. பெரிய சண்டையாகி, அப்போதிருந்த பங்குச் சாமியார் நடுவில் வந்து ஓர் ஏற்பாடு செய்தார். மதியம் பன்னிரண்டுக்கு மாதா கோயிலில் ஜெப மணி அடிக்கும். மணி கேட்டதும் பெண்கள் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்வார்கள், ஆடு மாட்டைப் பிடித்துக் கட்டுவார்கள். வெடிக்காரர் மணி ஓய்ந்த பிறகு மூன்று முறை விசில் ஊதி வெடி வைக்க வேண்டும். மணி இல்லாமல் வெடி இல்லை. வெடிக்காரர் முனியப்பன் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்தான். ஆனால் மாதா கோயில் மணிக்கு அவர் அளவுக்குக் காது கொடுத்த கிறிஸ்தவன் அந்த ஊரில் ஒருத்தனும் கிடையாது.

ஞாயிறு தவிர ஆறு நாளும் மணி, ஆறு நாளும் வெடி. புஷ்பமேரி முதல் மாதம் ஒழுங்காகத்தான் எழுதினாள். வெடி கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நோட்டைப் பிரித்து, "மதியம் 12, குவாரி வெடி" என்று எழுதுவாள். பிறகு, தினமும் ஒரே வரியை எழுத தினமும் எதற்கு எழுந்து வர வேண்டும் என்று தோன்றியது. திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்து ஆறு நாளைக்கும் அந்த வரியை முன்கூட்டியே எழுதி வைத்தாள். லாரி, மாடு, மழை மட்டும் அன்றன்றைக்கு. ஒரு தடவைகூட அந்த வரி பொய்க்கவில்லை. அதனால் அது பொய் என்றே அவளுக்குப் படவில்லை.

அடுத்த வருஷம், இயேசு சிலுவையில் இறந்த நாளான பெரிய வெள்ளி வந்தது. பெட்டி வந்த பிறகு வந்த முதல் பெரிய வெள்ளி.

கத்தோலிக்கர்களுக்குத் தெரியும், பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணி வாயை மூடிவிடும். சனி ராத்திரி ஈஸ்டர் பூசையான பாஸ்கா வரைக்கும் மணி கிடையாது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அதனால் அந்த இரண்டு நாளும் குவாரியில் வெடியும் கிடையாது. இது ஊரில் பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அந்தத் திங்கட்கிழமை ஆறு வரியையும் எழுதியபோது அது பெரிய வாரம் என்பது புஷ்பமேரிக்கு ஞாபகத்தில் இல்லை. நோட்டைப் பொறுத்தவரை எல்லா வாரமும் ஒரே வாரம்.

வெள்ளி மதியம் ஊர் மொத்தமும் சிலுவைப்பாதையில் இருந்தது. தெருத் தெருவாகப் பதினான்கு இடத்தில் நின்று ஜெபித்துக்கொண்டே கரட்டடிக்குப் போவார்கள். ஒன்பதாவது இடம் புஷ்பமேரியின் வீட்டுக்கு எதிரே. இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார் என்று ஜோஸ்பின் மைக்கில் சொல்லி முடித்தாள். பூமிக்குள்ளிருந்து ஒரு முழக்கம். காலடியில் ஒரு தூக்கு. புஷ்பமேரி வீட்டின் பக்கவாட்டுச் சுவர் வயிறு தள்ளி, புழுதியோடு உட்கார்ந்தது. அதன் ஓரமாகக் கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் சின்னப்பனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே கல்லுக்கடியில் போனது.

"பெரிய வெள்ளியன்னிக்குகூட வெடி வெக்கறான்டா பாவி!" என்று ஒரு குரல் எழுந்தது. அவ்வளவுதான். இத்தனை வருஷமாகத் தெரிந்த விஷயம் ஒரு நிமிஷத்தில் அத்தனை பேருக்கும் மறந்துபோனது. பாதிப் பேர் சின்னப்பனைத் தூக்கினார்கள். மீதிப் பேர் முனியப்பன் வீட்டுக்கு ஓடினார்கள்.

முனியப்பன் அப்போது வீட்டில் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு வெளியே வந்தார்.

"மணி அடிக்கலிங்களே! மணி அடிக்காம நான் எப்பிடிங்க வெடி வெப்பேன்?" என்றார்.

அதைக் கேட்க ஆளில்லை. சிலுவைப்பாதை போன கையெல்லாம் கல் எடுத்தது. ஓடு உடைந்தது. உள்ளேயிருந்து ஓடி வந்த அவர் மனைவி தீர்த்தம்மாளின் நெற்றியில் ஒரு கல் பட்டு ஏழு தையல். ஆட்டோவில் புருஷனோடு போய்க்கொண்டிருந்த புஷ்பமேரி இதையெல்லாம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளும் ஒரு கல் எடுத்திருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போலீஸ் வந்தது. குவாரி முதலாளி, தான் லீவு விட்டிருந்ததாகவும் முனியப்பன் கல்லைத் திருட்டுத்தனமாக விற்கத் தனக்குத் தெரியாமல் வெடி வைத்திருப்பான் என்றும் சொல்லிக் கையைக் கழுவினார். வெடிமருந்து ரிஜிஸ்டரைக் காட்டியிருந்தால் அன்றைக்கு ஒரு வெடித் தோட்டாகூடக் குறையவில்லை என்பது தெரிந்திருக்கும். காட்டினால் அவருடைய மற்ற தில்லுமுல்லுகளும் தெரிந்திருக்கும். ரிஜிஸ்டர் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். மிச்சம் இருந்த சாட்சி புஷ்பமேரியின் நோட்டு ஒன்றுதான். ஆராய்ச்சி நிலையத்து நோட்டு, முத்து முத்தான கையெழுத்து. பெரிய வெள்ளித் தேதிக்கு நேரே "மதியம் 12, குவாரி வெடி".

பென்னாகரம் கோர்ட்டில் பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள். "இது அன்னைக்கே உங்க கையால எழுதினதா?" என்று வக்கீல் கேட்டார். ஆஸ்பத்திரியில் இருந்தவள் அன்றைக்கு எங்கே எழுதினாள்? அந்த வரி திங்கட்கிழமையே எழுதினது என்பது அவளுக்கு அந்த நிமிஷம் நன்றாகவே ஞாபகம் இருந்தது. "ஆமாங்க ஐயா" என்றாள். வெடி வெடித்தது நிஜம், எப்போது எழுதினால் என்ன என்று நினைத்துக்கொண்டாள்.

முனியப்பனின் வெடி லைசென்ஸ் போனது. ஐம்பத்தைந்து வயசில் வேறு வேலை யார் கொடுப்பார்கள்? ஒகேனக்கல்லுக்குப் போய்ப் பாறைமேல் டூரிஸ்ட்டுகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலையில் சேர்ந்தார். வழக்கு ஜவ்வாக இழுத்தது. சின்னப்பனின் காலை டாக்டர்கள் வெட்டி எடுக்கவில்லை, ஆனால் அது இருந்தும் பிரயோஜனமில்லை. முட்டி மடங்காது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். தினமும் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கும், புதிதாக வந்த வெடிக்காரன் விசில் ஊதுவான், வெடி கேட்கும். சின்னப்பன் முனியப்பனின் பேரைச் சொல்லி, வம்சத்தைச் சொல்லி ஒரு மூச்சு திட்டுவான். சாப்பாட்டுக்கு முந்தின ஜெபம் அவனுக்கு அதுதான். திட்டி முடித்தால்தான் சோறு இறங்கும். புஷ்பமேரி தட்டை வைத்துக்கொண்டு அவன் முடிக்கும்வரை காத்திருப்பாள்.

இப்படி மூன்று வருஷம் போனது. ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தவக்காலத்தில் வெண்மதி லேப்டாப்போடு வந்தாள்.

சின்னப்பன் வாசலில் தூங்கிக்கொண்டிருந்தான். பாறை ஓரமாக இருவரும் உட்கார்ந்தார்கள். வெண்மதி திரையில் கோணல் கோணலாக ஒரு கோட்டைக் காட்டினாள்.

"அக்கா, அந்தப் பெரிய வெள்ளியோட பதிவு இது. உங்க நோட்டுல வெடின்னு இருந்ததால கம்ப்யூட்டர் இத வெடிக் கணக்குல தள்ளிடுச்சு. நாங்களும் தொறந்தே பாக்கல. இப்ப இந்தப் பிளவுல வந்த சின்னச் சின்ன நடுக்கத்தையெல்லாம் திரும்பப் பொறுக்கறோம். அப்பதான் பாத்தேன். இது வெடி இல்லக்கா."

"உன் பொட்டிக்குக் காது செவிடா? நான் கேட்டேன். ஊரே கேட்டுச்சு."

"சத்தம் வந்திருக்கும். நடுக்கத்துக்கும் சத்தம் வரும். ஆனா வெடின்னா மண்ணு எல்லாப் பக்கமும் வெளிய தள்ளும். எந்த ஊருல பொட்டி இருந்தாலும் மொத அசைவு மேல பாத்துதான் இருக்கும். இங்க பதிவான எல்லா வெடியும் அப்பிடித்தான் இருக்கு. பூமி நழுவினா ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் இழுக்கும். அன்னிக்கி உங்க பொட்டி மொதல்ல கீழ எறங்கியிருக்கு, தருமபுரிப் பக்கம் இருக்கறது மேல ஏறியிருக்கு. ஆழம் ஆறு கிலோமீட்டர். ஆறு கிலோமீட்டர் ஆழத்துல யாருக்கா தோட்டா எறக்க முடியும்?"

புஷ்பமேரி திரையைப் பார்க்கவில்லை. பாறையில் ஊர்ந்த எறும்பைப் பார்த்தாள். வெண்மதி போனை எடுத்து நோட்டுப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கினாள். நோட்டு கோர்ட்டுக்குப் போகும் முன் எடுத்த கலர்ப் படம்.

"ஏங்க்கா, அந்த வாரம் ஆறு நாளும் வெடி மட்டும் பச்சப் பேனால இருக்கு. லாரி, மாடு எல்லாம் நீலத்துல இருக்கு. சனிக்கிழம நீங்க ஆஸ்பத்திரில இருந்தீங்க. அன்னிக்கும் பச்சையில வெடின்னு இருக்கே?"

கோர்ட்டில் எத்தனையோ பேர் புரட்டிய பக்கம். வக்கீல் பார்த்தார், இன்ஸ்பெக்டர் பார்த்தார், ஒருத்தர் கண்ணிலும் நிறம் படவில்லை. இவள் கண்ணில் பட்டுவிட்டது. தொப்பி போட்டவளை அந்தக் கணத்தில் புஷ்பமேரி வெறுத்த மாதிரி முனியப்பனைக்கூட வெறுத்ததில்லை.

"ஜீப்புக்கு நேரமாவுதில்ல? கெளம்பு" என்றாள்.

வெண்மதி எழுந்தாள். "எங்க ரிப்போர்ட் வெளிய வர ஒரு வருசம் ஆவும்க்கா. அதுவரைக்கும் கோர்ட்டு விசயத்துல தலையிட வேணாம்னு எங்க சார் சொல்லிட்டாரு. எனக்கு இந்தப் பிளவு மேப்புல வரணும், அது எப்பிடியும் வந்துடும். ஆனா அந்த வரிய என்னைக்கு எழுதினீங்கன்னு நீங்க ஒருத்தர்தான் சொல்ல முடியும். தீர்ப்பு எப்ப?"

"ஈஸ்டர் முடிஞ்சி" என்றாள் புஷ்பமேரி, தன்னையறியாமல்.

அவள் பயந்தது ஜெயிலுக்கு இல்லை. பொய்ச் சத்தியத்துக்குக்கூட இல்லை, அதைப் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்கிவிடலாம். அவள் பயந்தது சுவருக்கு. வீடு கட்டும்போது கொத்தனார் கலைவாணன் படித்துப் படித்துச் சொன்னார். பக்கச் சுவரைச் சிமெண்ட் இல்லாமல் மண்ணில் வைத்துக் கட்டுகிறோம், ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி ஒரு கான்கிரீட் பெல்ட் ஓட்டிவிடலாம், சுவரெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் என்றார். புஷ்பமேரி கேட்கவில்லை. பெல்ட்டுக்கு வைத்திருந்த கம்பியையும் சிமெண்டையும் விற்று வாசலுக்கு டைல்ஸ் போட்டாள், நிலைக்கு மேலே பளபளவென்று மாதா படம் பதித்தாள். "பூகம்பமா வந்துடப்போவுது?" என்று அவள் கேட்டதற்குக் கொத்தனாரும் சித்தாள்களும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றைக்கு ஊரில் எத்தனையோ வீட்டில் விரிசல் விட்டது. விழுந்த சுவர் ஒன்றே ஒன்று. வெடி என்றால் அது முனியப்பன் தள்ளிய சுவர். வெடி இல்லையென்றால் அது யார் தள்ளியது? மூன்று வருஷமாக அந்தப் பச்சை வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் புருஷன் முகத்தைப் பார்த்துச் சோறு போட்டாள்.

நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் பன்னிரண்டு மணிக்கு வெடி கேட்டது, சின்னப்பன் வழக்கம்போல ஆரம்பித்தான். அவன் குடும்பம் கையேந்தணும், அவன் பொஞ்சாதி தாலி அறுக்கணும் என்று அடுக்கினான். தட்டோடு நின்றிருந்த புஷ்பமேரிக்கு அந்த ஒவ்வொரு சாபமும் தன் பேருக்கு விலாசம் எழுதி வருகிற மாதிரி இருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பஸ் ஏறினாள்.

ஒகேனக்கல்லில் முனியப்பனைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆற்றோரப் பாறையில் இடுப்பில் அழுக்குத் துண்டோடு, பெங்களூர்க்காரன் ஒருவனைக் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மீன் பொரிக்கிற எண்ணெய் நெடியும் தேய்க்கிற எண்ணெய் நெடியும் கலந்து வந்தது. அவளைப் பார்த்தார். பார்க்காத மாதிரி தேய்த்தார். அவள் வெயிலில் நின்றாள்.

"ண்ணா" என்றாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"கை இன்னும் கொஞ்சம் அகட்டுங்க சார்" என்றார் முனியப்பன்.

அவள் நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். பச்சைப் பேனா, திங்கட்கிழமை, பெட்டி, ஆறு கிலோமீட்டர் எல்லாம் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் கை நிற்கவில்லை. பெங்களூர்க்காரன் மட்டும் வலியில் ஒரு முறை "அம்மா" என்றான்.

"கோர்ட்டுல வந்து சொல்லிடறேன். வக்கீலப் பாத்து மனு போடச் சொல்லுங்க."

"சொல்லு. சொல்ல வேண்டியது உன் கடம. அதுக்கு நான் கும்புடு போடணுமா?"

"நான் அதுக்கு வரல."

"எதுக்கு வந்த? மனசு ஆறவா? உன் மனசு ஆறறதுக்கு நான் என்ன மருந்துக் கடையா?" முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். "மணி அடிக்கல, மணி அடிக்கலன்னு நான் கத்துனப்ப ஒருத்தனுக்குக் காது கேக்கல. என் வூட்டு ஓட்ட ஒடச்சது ஜட்ஜா? தீர்த்தம்மா மண்டயில பட்ட கல்லு ஜட்ஜு போட்டதா? கோர்ட்டுல சொன்னா கோர்ட்டுக்குத் தெரியும். ஊருக்கு யாரு சொல்றது? பெரிய வெள்ளிக்கி அந்த ஒம்பதாவது எடத்துல நின்னு சொல்லு. மைக்குல சொல்லு."

அவள் ஆற்றைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்ட. உன்ன எனக்குத் தெரியும். உன் கையெழுத்து ஒனக்கு அவ்ளோ அழகு" என்றார் முனியப்பன். "சார், திரும்பிப் படுங்க."

பெரிய வெள்ளி வந்தது. மணியின் நாக்கைக் கட்டிவிட்டார்கள். சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் முன்னால் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு போனார், பின்னால் சிலுவை, அதன் பின்னால் ஊர். கரட்டில் வெயில் கொதித்தது. எட்டு இடம் முடித்து ஒன்பதாவது இடத்துக்குக் கூட்டம் வந்தபோது, புதிதாகக் கட்டிய சுவர் ஓரமாகச் சின்னப்பனின் நாற்காலியைப் போட்டிருந்தாள் புஷ்பமேரி. அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், அடிபம்புக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு முனியப்பன் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் சின்னப்பன் காறித் துப்பினான்.

ஜோஸ்பின் ஜெபத்தை வாசித்து முடித்தாள். அடுத்த பாட்டுக்கு மூச்சு இழுக்கும் நேரத்தில் புஷ்பமேரி அவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். வாங்கவில்லை, பிடுங்கினாள்.

"மூணு வருசத்துக்கு முந்தி இதே எடத்துல வெடி வெச்சாங்கன்னு சொன்னமில்ல? வெக்கல. முனியப்பண்ணன் வெடி வெக்கல. நான் நோட்டுல எழுதினது பொய். திங்கக்கெழமயே எழுதி வெச்சது. கோர்ட்டுல அன்னிக்கே எழுதினேன்னு சத்தியம் பண்ணேன், அதுவும் பொய். அன்னிக்கி ஆடுனது பூமி."

மைக் கீச்சிட்டது. ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பாய்ந்தார்கள். அன்றைக்குக் கல் எறியாதவர்கள் சும்மாதான் நின்றார்கள். எறிந்தவர்களுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. பெரிய வெள்ளியில பிரச்சின பண்றா என்றார்கள், குவாரிக்காரன் ஆள் பிடித்துவிட்டான் என்றார்கள், பொட்டிக்காரிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். தீர்த்தம்மாளின் ஏழு தையலுக்குச் சொந்தக்காரன் யாரென்று எனக்குத் தெரியும். அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான். "அம்மா, இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று சாமியார் கையமர்த்தினார்.

"பூமி ஆடுச்சாமே! எங்க வூடெல்லாம் நிக்கிது. அப்ப உன் செவுரு மட்டும் எப்பிடிடி வுழுந்துச்சு?" என்று கேட்டாள் ஜோஸ்பின். அவமானப்படுத்தத்தான் கேட்டாள். ஆனால் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

புஷ்பமேரி மைக்கை இறக்கினாள். இதை ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. நாற்காலியின் பக்கம் திரும்பினாள்.

"பெல்ட் போடாத செவுரு. வுழுந்துச்சு. கலைவாணன் போடச் சொன்னாரு. வேணாம்னது நான்."

சின்னப்பன் அவளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஊர் அவனுக்காகக் காத்திருந்தது, ஒரு திட்டு, ஒரு அறை, ஏதாவது ஒன்று வரும் என்று. அவன் பார்வை அவளை விட்டு, புதுச் சுவருக்குப் போய், மேலே லிண்டல் மட்டத்துக்கு ஏறி, அங்கே இந்தத் தடவை ஓட்டியிருந்த சிமெண்ட் பெல்ட்டில் நின்றது. சுவரைத் திரும்பக் கட்டும்போது யாரும் கேட்காமலே அவள்தான் அதைப் போடச் சொன்னாள். அன்றைக்கு அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். மூன்று வருஷமாக அதன் கீழேதான் உட்கார்ந்திருக்கிறான், ஏன் போட்டாள் என்று கேட்டதில்லை.

உபதேசியார் கட்டையைத் தட்டினார். பத்தாவது இடத்துக்குக் கூட்டம் நகர ஆரம்பித்தது. சின்னப்பன் நாற்காலியின் கைகளைப் பிடித்து எழ முயன்றான். எப்போதும்போல் புஷ்பமேரி குனிந்து தோளைக் கொடுத்தாள். அவன் அந்தத் தோளைப் புறங்கையால் தள்ளினான். வேகமாக இல்லை, பூசைப் புத்தகத்தின் பக்கத்தைத் தள்ளுகிற மாதிரி.

பிறகு ரோட்டுக்கு அந்தாண்டை பார்த்துக் கையை நீட்டினான்.

"முனியப்பா, கொஞ்சம் வந்து புடி."

முனியப்பன் உடனே வரவில்லை. கட்டின கையைப் பிரிக்கவே நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு ரோட்டைக் கடந்து வந்து, புஷ்பமேரி நிற்கிற பக்கம் திரும்பாமலே, சின்னப்பனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். இரண்டு பேரும் நொண்டிக்கொண்டே கூட்டத்துக்குப் பின்னால் நடந்தார்கள்.

பத்தாவது இடத்தில் அவனுக்கு உட்கார நாற்காலி வேண்டும். புஷ்பமேரி அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பத்தடி பின்னால் நடந்தாள்.